வாயு நிரம்பிய வயிறும் சிறுநீரகமும்

வயிற்றைப் பெரிதாகக் கீறாது, சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் சத்திரசிகிச்சையை இன்று நாம் எல்லோரும் அறிவோம். லப்பறொஸ்கோப்பி என்பர் வைத்தியர். தழும்பு சிறிது, நோவு குறைவு, கூலிக்கு உழைப்பவன் விரைவில் வேலைக்குத் திரும்பலாம். இந்நன்மைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் துளைவழியே பார்ப்பதற்கு வயிற்றினுள் இடம் வேண்டும். இடம் உண்டாக்க வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்தல் வேண்டும். அவ்வாயு அமுக்குவது வயிற்றுச் சுவரை மட்டுமன்று; முதுகுப்புறம் ஒதுங்கிக் கிடக்கும் சிறுநீரகங்களையும் அது அமுக்குகின்றது. இவ்வுண்மை எப்போது அறியப்பட்டது, எப்போது பொருட்படுத்தப்பட்டது என்னும் இரு வினாக்களுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தூரம் கிடக்கின்றது.

அறியப்பட்டது 1876இல். வயிற்றறையின் அமுக்கம் கூடக்கூடச் சிறுநீர் சுரக்கும் வேகம் குறைகின்றது என்பதை வென்ற் என்னும் ஜேர்மன் ஆய்வாளர் காட்டினார். அதன்பின் இருபத்தைந்து ஆண்டு கழித்தே, 1901இல், ஹம்பேர்க் நகரத்து மாநாட்டில், டிறெஸ்டனைச் சேர்ந்த கெலிங் என்ற வைத்தியர் நாயொன்றின் வயிற்றைக் காற்றால் நிரப்பிக் குழாய் வழியே உள்ளே பார்த்தார். அவருடைய நோக்கம் கவனிக்கத்தக்கது. வயிற்றினுட் பெருகும் குருதியைக் காற்றின் அமுக்கத்தாலேயே நிறுத்திவிடலாம் என அவர் எண்ணினார். கசியும் குருதியைத் தடுக்கவல்ல அமுக்கம் பழுதற்ற நாளங்களையும் நெரிக்கும் அல்லவா? 1910இல் ஸ்ரொக்ஹோமைச் சேர்ந்த யக்கோபேயுஸ் இம்முறையை மனிதரிற் கையாண்டார். 1924இல் சுவிற்சலாந்தின் சொலிக்கோபர் காற்றுக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டைப் புகுத்தினார்.

உடற்றொழிலியலாளரோ தம் வழியில் அளந்துகொண்டே சென்றனர். 1923இல் தோரிங்ரன், சிமித் என்போர் நாய்களை ஆராய்ந்தனர். வயிற்றின் அமுக்கம் 15 முதல் 30 மில்லிமீற்றர் இரசமாக உயர்ந்தபோது சிறுநீர் குறைந்தது. 30ஐத் தாண்டியபோது நின்றேவிட்டது. 1947இல் அமெரிக்காவில் ஸ்ரான்லி பிறட்லியும் கிளாடிஸ் பிறட்லியும் மனிதரின் வயிற்றையே வெளியிலிருந்து அமுக்கி, ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் அளவில் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியும் அங்கு நிகழும் வடிகட்டலும் குறைவதைப் பதிவு செய்தனர். இவ்வளவும் அச்சேறிக் கிடந்த செய்திகளே.

ஆனாற் சத்திரசிகிச்சைக் கூடத்திற் போராட்டம் வேறொன்றாயிருந்தது. 1980இல் கீல் நகரத்துச் செம் குடல்வாலை இம்முறையால் அகற்றினார். 1985இல் பேப்லிங்கன் நகரத்து எரிக் மூஹே பித்தப்பையை அகற்றினார். சக வைத்தியர் அவரை மதிக்கவில்லை. நோயாளி ஒருவர் இறந்தமைக்காக 1987இல் அவர்மீது கொலைக்குற்றத்தின் பாற்பட்ட வழக்கே தொடுக்கப்பட்டது. 1990இலேயே விடுதலை கிடைத்தது. 1992இல் அதே நாட்டுச் சத்திரசிகிச்சையாளர் சங்கம் அவருக்குப் பரிசளித்தது! இதற்கிடையில் 1987இல் பிரான்சிய வைத்தியர் மூறே செய்த சிகிச்சையின் பின் இம்முறை காட்டுத்தீயாய்ப் பரவியது. கருவிக் கம்பனிகள் விற்றன. வைத்தியர்கள் வார இறுதி வகுப்புகளிற் பயின்றனர். எண்ணப்பட்டவை தழும்பின் நீளமும் மருத்துவமனையிற் கழித்த நாட்களுமே. இவை நோயாளிக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் உடனே தெரிவன. மயக்கத்திற் கிடப்பவனின் சிறுநீரகம் முறையிடுவதில்லை.

அது படும்பாட்டை இன்று ஓரளவு விளக்கலாம். வழக்கமாகக் கையாளப்படும் அமுக்கம் 12 முதல் 15 மில்லிமீற்றர். அவ்வளவில் மென்சுவருடைய சிறுநீரக நாளம் ஒடுங்குகின்றது. சிறுநீரக இழையமே நெரிபடுகின்றது. இருதயத்துக்கு மீளும் குருதியும் குறையலாம். உடல் தன்னைக் காக்க எண்ணி, நீரைத் தேக்கும் ஓமோன்களைச் சுரக்கின்றது. 1982இல் ஹார்மனும் உடனுழைத்தோரும் நாய்களிற் செய்த சோதனை இங்கு முக்கியமானது. 20 மில்லிமீற்றரில் வடிகட்டல் வழமையின் காற்பங்குக்கும் கீழிறங்கியது. இருதயத்தின் வெளியீட்டைத் திரவம் ஏற்றிச் சீராக்கிய பின்னும் அது மீளவில்லை. குறை இருதயத்தில் மட்டுமன்று, நெரிபடும் இடத்திலேயே உள்ளது என்பது தெளிவாயிற்று. ஆகவே வாயு நிரம்பியிருக்கும் வேளையிற் சிறுநீர் குறைவதைக் கண்டவுடன் உடலில் நீர் போதாதென முடிவு கட்டித் திரவத்தை ஏற்றிக்கொண்டே போவது பொருந்தாது. வாயுவை வெளியேற்றியதும், நல்ல சிறுநீரகமுடையோரிற் பெரும்பாலும் நிலைமை சீராகிவிடும்.

இவ்வினா தவிர்க்க முடியாததானது, துளைவழிக் கருவி சிறுநீரகத்தையே தொட்டபோதுதான். 1990இற் கிளேமன் சென் லூயி நகரில், முதிய பெண்ணொருவரின் நோயுற்ற சிறுநீரகத்தை இவ்வாறு அகற்றினார். 1995இல் பால்ரிமோரில் ரட்னரும் கவூசியும் உயிருள்ள கொடையாளியிடமிருந்து சிறுநீரகம் பெற்றனர். முன்னர் இதற்கு விலாப்புறத்தை நீளக் கீறவேண்டும். சிலவேளை விலா எலும்பின் ஒரு பகுதியையும் அகற்றவேண்டும். அந்த வேதனை நீங்கியது பெரும்பேறே. ஆனாற் கொடையாளி நோயாளியல்லர். பிறர் பொருட்டுக் கத்தியின் கீழ்க் கிடப்பவர். வாயுவின் நெரிப்பை அனுபவிப்பது, இன்னொருவர் உடலில் உடனே தொழிற்படவேண்டிய உறுப்பு. தொடக்க ஆய்வுகள் சிலவற்றில், இவ்வாறு பெறப்பட்ட சிறுநீரகங்கள் முதல் நாட்களிற் சற்றுத் தாமதித்தே தொழிற்பட்டன. ஓராண்டின் பின் வேறுபாடு காணப்படவில்லை. அதன் பின்னரே கொடையாளிக்கு எவ்வளவு திரவம், எவ்வளவு அமுக்கம் என்பன முறையாக ஆராயப்பட்டன.

முன்னரே பழுதுற்ற சிறுநீரகமுடையோர் நிலை வேறு. நல்ல உடலினரிற் கண்ட முடிவை அவர்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. அமுக்கத்தைக் குறைத்தால் அவர்களுடைய சுமை குறையும். ஆயின் வைத்தியர் பார்க்கும் வெளியும் சுருங்கும். தசைகளை மேலும் தளர்த்தி அவ்வெளியை மீட்கலாமா என இப்போது சோதித்து வருகின்றனர்.