விலைக்கு வாங்கும் குடிநீரும் கழிவுநீர் லாரியும்: குடும்பங்கள் அறிய வேண்டியவை

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலும் அதற்குத் தெற்கேயும் வாழும் பல குடும்பங்கள் குடிநீரைக் கேன்களாகவோ டேங்கர் லாரிகள் மூலமோ தனியாரிடம் வாங்குகின்றன. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்வதும் பெரும்பாலும் தனியார் லாரிகளே. விலை கொடுத்துப் பெறுவதாலேயே ஒரு சேவை பாதுகாப்பானதாகிவிடாது. இரண்டிலும் கவனிக்க வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

நீரை ஏன் வாங்க வேண்டியுள்ளது?

கடலோர மணற்பரப்பில் நிலத்தடி நன்னீர், உப்புநீரின்மேல் அடுக்காகத் தங்கி நிற்கிறது. அதனை அளவுக்கு மீறி உறிஞ்சும்போது கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்ப்பாகின்றன.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரு நிலையங்கள் உள்ளன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள முதல் நிலையம் 2013-இலும், 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் 2024-இலும் திறக்கப்பட்டன. அரசுக்காக இவற்றைத் தனியார் நிறுவனங்கள் கட்டின. ஆயினும் இந்நீர் பெரிதும் சென்னையின் தென்பகுதிகளுக்கானது. ஆகவே, குழாய் நீர் போதாத உள்ளூர் வீடுகள் கேன் தண்ணீரையே நம்புகின்றன.

கேன் தண்ணீர்: தெளிவு வேறு, தூய்மை வேறு

எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறை உப்பைக் குறைக்கிறது. ஆனால் அவ்வாறு சுத்திகரித்த நீரில், பின்னர் சேரும் கிருமிகளை அழிக்கும் குளோரின் பொதுவாக இருப்பதில்லை. எனவே கழுவாத கேன், கை படும் குவளை, அழுக்கடைந்த குழாய் ஆகியவற்றால் அந்நீர் மீண்டும் எளிதில் மாசடையும்.

சில விற்பனையாளர்கள் டி.டி.எஸ். கருவியைக் காட்டித் தரத்தை உறுதி கூறுவர். அக்கருவி நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவை மட்டுமே காட்டும், கிருமிகளைக் காட்டாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• கேனில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த நாள், பயன்படுத்தத்தக்க காலம் ஆகியவை உள்ளனவா எனப் பார்க்கவும்.
• மூடியின் முத்திரை உடைந்திருந்தால் ஏற்க வேண்டாம்.
• வெயிலில் வைக்கப்பட்ட கேனைத் தவிர்க்கவும்.
• ஐயமிருப்பின் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் அளிக்கவும்.

டேங்கர் நீரையும் கிணற்று நீரையும் கொதிக்க வைத்த பின்னரே குடிக்கவும். நீர் நன்கு கொப்பளித்துக் கொதித்தபின் குறைந்தது ஒரு நிமிடம் அடுப்பில் வைத்திருந்து, மூடி ஆற வைக்கவும். குளோரின் மாத்திரையாயின், உறையில் குறித்த அளவில் இட்டு 30 நிமிடங்கள் காத்திருக்கவும்.

கொதிக்க வைப்பதால் உப்பும் நைட்ரேட்டும் நீங்கா. உவர்நீரை உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளோர் தவிர்க்க வேண்டும். நைட்ரேட் மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு விளைவிக்கும். கைக்குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர் ஆகியோருக்குக் கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே கொடுக்கவும்.

கழிவுநீர் லாரி: கழிவு எங்கே செல்கிறது?

லாரி எடுத்துச் செல்லும் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர வேண்டும். ஓடையிலோ வெற்று நிலத்திலோ கொட்டப்பட்டால் அது மணல் வழியே ஊடுருவி, அருகிலுள்ள கிணறுகளை அடையும். டேங்கர் நிரப்பப்படும் கிணறும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். குறைந்த கட்டணம் கேட்பவரிடம், கழிவை எங்கே கொட்டுவார் எனக் கேளுங்கள்.

• உள்ளாட்சி அமைப்பின் உரிமம் பெற்ற வண்டியையே அழைக்கவும். நகர்ப்புறங்களில் 14420 என்ற உதவி எண்ணைப் பயன்படுத்தலாம்.
• தொட்டியை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்யவும். நிரம்பி வழியும்வரை காத்திருக்க வேண்டாம்.
• தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் தொலைவு இருப்பது நல்லது.
• எக்காரணம் கொண்டும் மனிதரைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. உள்ளே சேரும் நச்சு வாயு சில நொடிகளில் உயிரைப் பறிக்கும். பாதுகாப்புச் சாதனங்களின்றி ஒருவரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

மாசடைந்த நீரால் வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை பரவும். வயிற்றுப்போக்கு தொடங்கியவுடன் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம்.

பின்வரும் அறிகுறிகள் தென்பட்டால் உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லவும்:

• கண்கள் குழிந்திருத்தல், மிகுந்த சோர்வு, நீர் அருந்த இயலாமை
• சிறுநீர் வெகுவாகக் குறைதல்
• மலத்தில் இரத்தம். அரிசி கழுவிய நீர் போன்ற மலம்
• விடாத காய்ச்சல் அல்லது வாந்தி
• கண்கள் மஞ்சளாதல் (கர்ப்பிணிகளுக்கு இது மிக ஆபத்தானது)

ஒரே தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், கிராம சுகாதார செவிலியரிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ அன்றே தெரிவிக்கவும். எந்த விற்பனையாளரிடம், எந்த நாளில் நீர் வாங்கினீர்கள் என்பதையும் கூறவும். மீதமுள்ள நீரைக் கொட்டிவிடாமல் பரிசோதனைக்காக மூடி வைக்கவும். ஆனால் அதனைக் குடிக்க வேண்டாம். ஒரு வீட்டார் காலத்தே தரும் தகவல், அதே நீரை வாங்கும் மற்ற வீட்டாரையும் காக்கும்.

அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.