ஃபிராங்கோவிடம் மகனை ஒப்படைத்தவர்

1945 மார்ச் 19. உலகப் போர் முடியும் தறுவாயில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து ஓர் அறிக்கை வெளியானது. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ விலக வேண்டும். மக்கள் வாக்களித்து ஏற்கும் அரசியல் சட்டமும், தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றமும் வேண்டும். அரசியல் கைதிகளுக்குப் பொது மன்னிப்பு வேண்டும். இப்படிக் கேட்டவர் புரட்சிக்காரர் அல்ல. 1931-ல் குடியரசு பிறந்ததும் நாட்டைவிட்டு வெளியேறிய மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவின் வாரிசு, டான் ஹுவான்.

இத்தனைக்கும், 1936-ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஃபிராங்கோ தரப்பில் சண்டையிடத்தான் இவர் எல்லை தாண்டி ஓடினார். தளபதிகள் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். 'பலேயாரெஸ்' போர்க்கப்பலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பிறகு கடிதம் எழுதினார், ஃபிராங்கோ மறுத்துவிட்டார். 1938-ல் அந்தக் கப்பலை எதிரிகள் மூழ்கடித்தார்கள். தன் பிற்கால எதிரியின் உயிரைத் தானே காப்பாற்றிவிட்டோம் என்று ஃபிராங்கோ எப்போதாவது நொந்திருப்பாரோ!

அப்படிப்பட்டவருக்கு ஜனநாயகப் பற்று எப்படி வந்தது? ஹிட்லர் வீழ்ந்தால் ஃபிராங்கோவும் வீழ்வார் என்ற கணக்கு அதில் இருந்தது. ஆனால் கணக்கு பொய்த்த பிறகும் அவர் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். 1947-ல் ஃபிராங்கோ ஸ்பெயினை 'முடியாட்சி' என்று அறிவித்து, மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். போர்ச்சுகலின் எஸ்தோரிலில் குடியிருந்த ஹுவான் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார்.

மறு ஆண்டு ஆகஸ்டில் இருவரும் ஃபிராங்கோவின் 'அசோர்' படகில் நடுக்கடலில் சந்தித்தார்கள். விளைவு விசித்திரமானது. ஹுவானின் பத்து வயது மகன் ஹுவான் கார்லோஸ் ஸ்பெயினில், ஃபிராங்கோவின் கண்பார்வையில் படிக்க வேண்டும். வாரிசு ஸ்பானிய மண்ணில் வளராவிட்டால் அரச வம்சமே மறந்துபோகும் என்று தந்தை அஞ்சினார். அந்தப் பேரத்தின் விலை 1969-ல் தெரிந்தது. தந்தையைத் தாண்டி மகனைத் தன் வாரிசாக்கினார் ஃபிராங்கோ. எஸ்தோரிலில் தனது ஆலோசனைக் குழுவைக் கலைத்த ஹுவான், பட்ட உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

1975-ல் ஃபிராங்கோ இறந்து, மகன் அரியணை ஏறினார். அப்போதும் தந்தை காத்திருந்தார். கட்சிகளுக்கு அனுமதி கிடைத்து, கம்யூனிஸ்ட் கட்சியும் சட்டபூர்வமான பிறகே, 1977 மே 14 அன்று உரிமையை மகனுக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்த மாதம், 1936-க்குப் பிறகு முதல் சுதந்திரத் தேர்தல் நடந்தது.