பத்து ஆராங்: நிலக்கரி நகரின் எச்சங்கள்

சிலாங்கூர் மாநிலத்தில், ரவாங் நகருக்கு மேற்கே ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர் பத்து ஆராங். மலாய் மொழியில் 'பத்து' என்பது கல். 'ஆராங்' என்பது கரி. தன் வரலாற்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர்களுள் இதுவும் ஒன்றாகும்.

இங்கு நிலக்கரி இருப்பது 1908ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பாரின் முயற்சியால் 1913இல் மலாயன் காலியரீஸ் நிறுவனம் தோன்றியது. 1915இல் கரி வெட்டும் பணி தொடங்கிற்று. குவாங் நிலையத்திலிருந்து பிரிந்து வந்த கிளை இருப்புப் பாதை சுரங்கத்தை நாட்டோடு இணைத்தது.

பத்து ஆராங் கரி எளிதில் நொறுங்குவது. குவித்து வைத்தால் தானே தீப்பற்றும் இயல்பினது. எனவே, வெட்டிய கரியை விரைந்து பெட்டிகளில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. அதனைச் சுமந்து சென்ற புகைவண்டியே அதனை எரித்து ஓடியது. கரியின் முதன்மையான வாடிக்கையாளர் மலாயா இரயில்வேதான். ஈயச் சுரங்கங்களும் மின் நிலையங்களும் இக்கரியை நம்பியிருந்தன. 1940இல் உற்பத்தி 7 இலட்சம் டன்னைக் கடந்தது.

இவ்வளர்ச்சிக்கு உடல் உழைப்பை ஈந்தோருள் பெரும்பாலோர் சீனர். இந்தியரும் மலாய்க்காரரும் உடன் உழைத்தனர். ஒப்பந்தக்காரர் முறையின் கொடுமையும் குறைந்த கூலியும் 1937 மார்ச்சில் பெரும் வேலை நிறுத்தமாய் வெடித்தன. தொழிலாளர் சுரங்கத்தையே தம் கைக்குள் கொண்டுவந்தனர். அரசு படை கொண்டு அதனை மீட்டது. பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. அவசரகாலத்தின் தொடக்கத்தில், 1948 ஜூலையில், கம்யூனிஸ்டுப் படையினர் இவ்வூரைத் தாக்கினர்.

ஆயினும், சுரங்கத்தை மூடச் செய்தது போர் அன்று, எண்ணெயே. போருக்குப் பின் நீராவி இயந்திரங்கள் எண்ணெய்க்கு மாறின. 1957 முதல் டீசல் இயந்திரங்கள் வந்தன. கரியைச் சுமந்த இரயில்வேக்கே கரி வேண்டாததாயிற்று. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. பின்னர்க் கிளைப் பாதையும் மறைந்தது.

இன்று எஞ்சியிருப்பவை செங்கல்லால் எழுந்த புகைபோக்கி, சிதைந்த கட்டடங்கள், புதர் மூடிய சுரங்க வாயில்கள், திறந்தவெளிக் குழிகளில் நீர் தேங்கி உருவான ஏரிகள் முதலியன. மண்ணுக்கடியில் சுரங்க வழிகள் இருப்பதால், மேலே உயர்ந்த கட்டடங்கள் எழுப்புதல் எளிதன்று. புதைந்த உழைப்பு இன்றும் ஊரின் வடிவை வகுத்துக் கொண்டிருக்கிறது எனலாம்.

நிறுவனத்தை நிறுவியவர் பெயரை ஏடுகள் காத்து வைத்துள்ளன. இருளில் கரி வெட்டியவர் பெயரையும், வெயிலில் பெட்டிகளில் ஏற்றியவர் பெயரையும் அச்செங்கற்கள் சொல்வதில்லை. அவர்தம் வழித்தோன்றல்களின் நினைவுகள் எழுத்தில் ஏறாவிடில், புகைபோக்கி நிற்கும், வரலாறு சரிந்துவிடும். மாணவர்கள் ஆசிரியர் துணையுடன் அவற்றைக் கேட்டுப் பதிவு செய்தல், அவ்வுழைப்புக்குச் செலுத்தும் கடனாகும்.