ஏரி மீன் யாருடைய மீன்?

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கோடையில் ஏரி வற்றும்போது ஒரு காட்சியைப் பார்க்கலாம். குத்தகைக்காரர் வலை இழுத்து முடித்து, கட்லாவையும் ரோகுவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகுதான் காலனியிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் சேற்றில் இறங்குவார்கள். கையால் துழாவி, மிஞ்சியிருக்கும் விராலையும் குறவையையும் பிடிப்பார்கள். களப்பணிக்காக நாங்கள் போன ஓர் ஊரில், கரையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் சொன்னார்: "தண்ணி இருக்குற வரைக்கும் அது அவங்க ஏரி கண்ணு. சேறானதுக்கப்புறம்தான் எங்க ஏரி."

இந்தப் பிரிவினை எப்படி வந்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

திண்டிவனம், விழுப்புரம் பகுதிகள் பழைய தொண்டை மண்டலத்தோடு சேர்ந்த ஏரி நாடு. மழைநீரைக் கரை கட்டித் தேக்கினால்தான் இங்கே நெல் விளையும். ஏரி நிர்வாகம் என்றதும் பாடப்புத்தகங்கள் உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டுகின்றன. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் உண்டு, குடவோலை உண்டு. வாரியத்தில் உட்காரத் தகுதி என்ன என்பதும் அதே கல்லில் இருக்கிறது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு. நிலமும் வேதமும் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஏரி மீனும் அன்றே கணக்கில் வந்த பொருள்தான். 'பாசிப்பாட்டம்' என்று கல்வெட்டுகளில் வருவது மீன்பிடிப்பின் மீதான வரி. இன்று ஊராட்சி அறிவிப்பில் நாம் படிக்கும் 'மீன்பாசி ஏலம்' என்ற சொல்லின் வேர் அவ்வளவு பழையது.

வாரியத்தில் இடமில்லாதவர்களுக்கு ஏரியில் வேலை மட்டும் நிறைய இருந்தது. மடை திறப்பது, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சுவது, கார்த்திகை அடைமழையில் இரவெல்லாம் கரையைக் காவல் காப்பது, உடைப்பு எடுத்தால் மண் சுமப்பது என்று எல்லாம் நம் மக்களின் பொறுப்பு. நீர்க்கட்டி என்றும் கம்புகட்டி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். தமிழக ஏரி, கண்மாய் ஊர்களை ஆய்வு செய்தவர்கள் பலரும் இந்த வேலையைப் பெரும்பாலும் தலித்துகளே செய்தார்கள் என்று பதிவு செய்திருக்கிறார்கள். கூலி, அறுவடைக் களத்தில் கொடுக்கும் நெல். தண்ணீரை எல்லா வயலுக்கும் பங்கிட்டுக் கொடுத்தவருக்கு அந்தத் தண்ணீரில் பங்கு கிடையாது.

வெள்ளையர் ஆட்சியில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்கீர், 1891 இல் பறையர் மக்களின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். மிராசுதாரர்களின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதை அது காட்டியது. 1892 இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஆனால் அந்த ஆணை நிலத்தைப் பற்றியது. ஏரியின் மீன், வண்டல், புல், மரம் பற்றி நமக்கு அப்படி ஒரு ஆணை வரவில்லை.

நீருக்கான குரல் அடுத்து எழுந்தது. பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924 இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டு வந்தார். 1927 மார்ச் 20 அன்று மகத் சவதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். இவை மனித மாண்புக்கான போராட்டங்கள். குளத்தைத் தொடும் உரிமை ஓரளவு வென்றெடுக்கப்பட்டது. குளத்தின் வருமானத்தில் பங்கு கேட்கும் போராட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது.

இதற்கிடையே ஏரிக்குள் மீன்களே மாறிவிட்டன. விரால், குறவை, கெளுத்தி போன்ற நாட்டு மீன்களால் காற்றையும் சுவாசிக்க முடியும். அதனால் தண்ணீர் குறைந்து சேறானாலும் அவை சில காலம் தாங்கும். விலை கொடுத்து யாரும் விடாத இந்த மீன்கள்தான் ஏழைகளின் கறி. 1952 இல் வெளியிலிருந்து கொண்டு வரப்பட்ட திலேப்பியா, நம் ஊரில் 'ஜிலேபி' ஆகி, வேகமாகப் பெருகி ஏரிகளை நிரப்பியது. 1957 இல் ஹிராலால் சௌத்ரி, ஊசி போட்டுக் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தார். அதன் பிறகு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை எந்த ஏரியிலும் விட முடிந்தது. உணவு உற்பத்திக்கு இது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் ஏரி மீன் முதலீடாக மாறியது. குஞ்சு விட்டவர் காவல் போட்டார். தூண்டில் போட்ட பையன் திருடன் ஆனான்.

முதலீடு யாரிடம் இருக்கிறதோ, ஏலமும் அவரிடம்தான். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருந்து வந்தன. காகிதத்தில் யார் வேண்டுமானாலும் ஏலம் கேட்கலாம். நடைமுறையில் ஊர்ப் பெரியவர்கள் முன்பே பேசி முடித்துவிடுவார்கள். தண்டோரா போட்ட காலத்தில் அது காலனிப் பக்கம் வந்ததில்லை. ஊராட்சித் தலைவர் பதவி ஏன் இவ்வளவு ஆத்திரத்தைக் கிளப்புகிறது என்பதை இங்கிருந்து புரிந்துகொள்ளலாம். அது வெறும் நாற்காலி இல்லை. குத்தகை, மரம், குளம் என்று ஊரின் பொதுச் சொத்து மீது கையெழுத்துப் போடும் அதிகாரம். மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டதை இந்தப் பின்னணியில் வைத்தும் நாம் படிக்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்திருக்கும் கழுவேலி, மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் உவர்நீருமாக இருக்கும் பெரிய நீர்நிலை. 2021 டிசம்பரில் அதன் சுமார் 5,150 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், நாமும் அதைக் கேட்கிறோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயப் பகுதியில் மக்களுக்குள்ள உரிமைகளைக் கலெக்டர் விசாரிக்க வேண்டும் என்கிறது. உரிமை கோர இரண்டு மாத அவகாசம் தருகிறது. பட்டா உள்ளவர் பத்திரத்தோடு போவார். கையால் மீனும் இறாலும் தடவிப் பிடித்து வாழும் தலித், இருளர் குடும்பங்கள் எதை எடுத்துக்கொண்டு போகும்? வழக்கமாகப் பிடித்து வந்தோம் என்பதற்கு ரசீது கிடையாது. அந்த வழக்கத்தை எழுதி வைப்பது நம் வேலை.

சட்டம் நம் கையில் இருக்கிறது, தோழர்களே. அரசு நிதியில் பராமரிக்கப்படும் குளங்களைப் பயன்படுத்தத் தடை கூடாது என்கிறது அரசியலமைப்பின் பிரிவு 15(2). வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் செய்த திருத்தம், பொதுச் சொத்து வளங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது.

ஆகவே உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது, கடைசி மூன்று ஏலங்கள் எப்போது நடந்தன, அறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டது, யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மே 1 கிராம சபையில், ஏரி வற்றும் அதே நேரத்தில், ஏல அறிவிப்பைக் காலனியிலும் ஒட்ட வேண்டும் என்றும், நம் பெண்களின் குழுக்களும் குத்தகை எடுக்க வழி வேண்டும் என்றும் தீர்மானம் கொடுங்கள். வீட்டில் இருக்கும் ஆயாக்களிடமும் தாத்தாக்களிடமும் எந்த மீன் எந்த மாதத்தில் எங்கே கிடைத்தது என்று கேட்டு எழுதுங்கள். நாளை கலெக்டர் முன்னால் நீட்ட நம்மிடம் இருக்கப் போகும் ஆவணம் அதுதான்.

சேற்றில் மட்டுமல்ல, தண்ணீர் நிறைந்திருக்கும்போதும் அது நம் ஏரிதான்.