உடற்பருமன் அறுவை சிகிச்சைக்குப் பின் மெதுவான எடைக்குறைவு

உடற்பருமன் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடை எதிர்பார்த்த வேகத்தில் குறையாத நிலை, பொதுவாக மெதுவான எடைக்குறைவு எனப்படுகிறது. இந்த ஒரே பெயரில் மூன்று வேறு நிலைகள் அடங்கும். முதலாவது, மற்றவர்களைவிடச் சற்றே தாமதமாக எடை இறங்குவது. இது பெரும்பாலும் ஆளுக்கு ஆள் உள்ள இயல்பான வேறுபாடு. இரண்டாவது, இறங்கிக்கொண்டிருந்த எடை சில வாரங்கள் அசையாமல் நிற்பது. இந்தத் தேக்கம் ஏறத்தாழ எல்லோருக்கும் நேரும். மூன்றாவது, ஓராண்டு கடந்தும் எடை போதிய அளவு குறையாமல் நிலைத்துவிடுவது. மருத்துவ ஆய்வும் கூடுதல் சிகிச்சையும் முக்கியமாகத் தேவைப்படுவது இந்த மூன்றாவது நிலைக்குத்தான். தம் நிலை எதுவெனத் தெரியாமல், உணவை இன்னும் குறைத்தால் எடை இறங்கும் என்று பட்டினி கிடப்பவர்களுக்குத் தசை இழப்பும் சத்துக் குறைபாடும் நேர்கின்றன.

அறுவை முறைகள்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966இல் தொடங்கிய கேஸ்ட்ரிக் பைபாஸ், இன்றைய முறைகளுக்கு அடித்தளமானது. இதில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கப்படுகிறது. 1994இல் இந்த அறுவையை லேப்ராஸ்கோப்பி வழியாகச் செய்த அனுபவம் வெளியானபின் அது பரவலாயிற்று. ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமியில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழலாக நிற்கிறது. உலகில் இப்போது மிகுதியாகச் செய்யப்படுவது இதுவே. இரைப்பையின் மேல் வளையம் மாட்டும் முறை இன்று அருகிவிட்டது.

எடை இறங்கும் வேகம் அறுவை முறையைப் பொறுத்தது. வளையம் மாட்டியவர்களுக்கு எடை இரண்டு மூன்று ஆண்டுகள் வரை சிறுகச் சிறுகக் குறையும். ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஆறு மாதங்களிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். ஆகவே ஒரு முறையில் அறுவை செய்துகொண்டவர் வேறு முறையினரோடு தம் எடையை ஒப்பிடுவது பொருந்தாது.

அளவிடும் முறைகள்

எடைக்குறைவு இரண்டு விதமாகக் கணக்கிடப்படுகிறது. ஒன்று, மொத்த எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பது. மற்றொன்று, இயல்பான எடைக்கு மேலாக இருந்த மிகை எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பது. இரண்டும் ஒரே ஆளைப் பற்றி வெவ்வேறு சித்திரங்களைத் தரக்கூடும்.

160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு உடல் நிறை குறியெண் 25 என்பது 64 கிலோ. அவர் 110 கிலோ இருந்தால் மிகை எடை 46 கிலோ. 23 கிலோ குறைந்தால் மிகை எடையில் 50 சதவீதமும், மொத்த எடையில் ஏறத்தாழ 21 சதவீதமும் போயிற்று என்று பொருள். அதே உயரத்தில் 140 கிலோ இருந்த இன்னொருவர் 29 கிலோ இழந்தால் அதுவும் மொத்த எடையில் ஏறத்தாழ 21 சதவீதமே. ஆனால் அவருடைய மிகை எடை 76 கிலோ என்பதால் அந்தக் கணக்கில் 38 சதவீதம்தான் வரும். கூடுதல் கிலோ இழந்தவர் பின்தங்கியவராகத் தெரிகிறார். ஆசியர்களுக்கு இயல்பு எடையின் மேல் எல்லையாகக் குறியெண் 23 எடுத்துக்கொள்ளப்பட்டால், முதலாமவரின் 50 சதவீதமும் 45 ஆகிவிடும்.

மிகை எடையில் பாதியாவது குறையாவிட்டால் அறுவை தோல்வி என்று கருதும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இப்போது மொத்த எடைக் கணக்கே விரும்பப்படுகிறது. உடற்பருமன் அறுவை சிகிச்சைக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்சோவின் வல்லுநர் இணக்கம் 2024இல் வெளியானது. மொத்த எடை 20 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கியிருந்தாலோ, உடற்பருமனால் வந்த நோய் போதிய அளவு சீராகாவிட்டாலோ அது போதாத தொடக்க விளைவு என்று அந்த இணக்கம் வகுக்கிறது. இழந்த எடையில் 30 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருவது தனி நிலையாகக் கொள்ளப்படுகிறது.

வழக்கமான எடைப் பாதை

எடைக்குறைவு முதல் மூன்று மாதங்களில் மிக வேகமாகவும், ஆறாம் மாதத்துக்குப் பின் நிதானமாகவும் நடக்கும். 12 முதல் 24 மாதங்களுக்குள் எடை அதன் மிகத் தாழ்ந்த அளவை எட்டும். பிறகு ஓரளவு ஏறி நிலைகொள்ளும். சுவீடனில் 1987இல் தொடங்கிய உடற்பருமன் ஆய்வில், பைபாஸ் செய்தவர்களின் எடை ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீதம் வரை குறைந்தது. பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. வளையம் மாட்டியவர்களுக்கு அதே அளவுகள் 20, 14 சதவீதங்கள்.

சராசரிக்குள் மறைந்திருக்கும் வேறுபாட்டை அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் நடந்த லேப்ஸ் ஆய்வு காட்டியது. 2013இல் வெளியான அதன் மூன்றாண்டு முடிவின்படி, பைபாஸ் செய்தவர்களின் எடைக்குறைவின் நடு அளவு 31.5 சதவீதம். ஆனால் நடுவிலுள்ள பாதிப் பேரின் அளவே 24.6 முதல் 38.4 சதவீதம் வரை பரவியிருந்தது. அதாவது நால்வரில் ஒருவர் 24.6 சதவீதத்துக்கும் குறைவாகவே இழந்திருந்தார். எடை மாறிய விதத்தைக் கொண்டு நோயாளிகளை ஐந்து தனிப் பாதைகளாக அந்த ஆய்வு பிரித்தது. ஒரே மேசையில் ஒரே கையால் அறுவை செய்யப்பட்ட இருவர் வெவ்வேறு பாதைகளில் செல்வது விதிவிலக்கு அல்ல.

தேக்கத்தின் உடலியங்கியல்

முதல் தேக்கம் பெரும்பாலும் அறுவைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் வருகிறது. உணவு திடீரெனக் குறையும்போது உடல் முதலில் கல்லீரலிலும் தசையிலும் சேமித்த கிளைகோஜனைச் செலவழிக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீர் தங்கியிருப்பதால், முதல் நாள்களில் கிலோக் கணக்கில் இறங்குவதில் கணிசமான பங்கு நீர்தான். பிறகு உணவு ஓரளவு சீராகி நீர்ச் சமநிலை திரும்பும்போது, கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் எடைக்கருவியின் முள் நகர்வதில்லை. மாதவிடாய்க்கு முந்தைய நீர்த்தேக்கம், மலச்சிக்கல், உப்பு மிகுந்த உணவு ஆகியவையும் பின்னாளில் இதே மாயத்தைச் செய்யும்.

ஆறு மாதங்களுக்குப் பிந்தைய தேக்கத்துக்கு வேறு காரணம் உண்டு. சிறுத்த உடலை இயக்கக் குறைந்த ஆற்றலே போதும். அதோடு, எடை குறைந்த அளவுக்கு எதிர்பார்ப்பதைவிடவும் சற்றுக் கூடுதலாக உடல் தன் ஆற்றல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அறுவைக்குப் பின் பசியைத் தூண்டும் கிரெலின் குறைவதும், நிறைவைத் தரும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய குடல் இயக்குநீர்கள் உணவுக்குப் பின் கூடுவதும் எடை இறங்கத் துணை நிற்கின்றன. இந்த மாற்றத்தின் அளவு எல்லோரிடமும் ஒன்றாக இருப்பதில்லை.

தாமதத்துக்கான காரணங்கள்

மாற்ற இயலாத காரணிகளில் மூத்த வயது, இரண்டாம் வகை நீரிழிவு, மாதவிடாய் நின்ற நிலை, நெருங்கிய உறவினரிடையே காணப்படும் மரபு ஒற்றுமை ஆகியவை அடங்கும். இவற்றில் எதுவும் நோயாளியின் மன உறுதியைப் பற்றியது அல்ல.

மருந்துகள் அடிக்கடி கவனிக்காமல் விடப்படும் காரணம். இன்சுலின், சல்பனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரைகள், ஸ்டீராய்டுகள், ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்துகள், மிர்டசபின், அமிட்ரிப்டிலின், வால்ப்ரோயேட் ஆகியவை எடை இறங்குவதைத் தடுக்கலாம். சிகிச்சை பெறாத தைராய்டு குறைபாடும் அவ்வாறே.

உணவுப் பழக்கத்தில் முக்கியமானது கொறித்தல். சிறுத்த இரைப்பை ஒரு வேளையில் அதிகம் கொள்ளாது. ஆனால் நாள் முழுவதும் சிறிது சிறிதாக வருவதை அது தடுப்பதில்லை. ஐஸ்கிரீம், இனிப்புப் பால்பானங்கள், சர்க்கரை போட்ட காபி, பாயசம் போன்ற நீர்த்த இனிப்புகள் நிறைவைத் தராமல் எளிதில் இறங்கிவிடும். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து உண்பதும், மிக்சர், முறுக்கு வகைகளை மென்று கூழாக்கி விழுங்குவதும் அந்த வரிசையில் சேரும். கறி, முட்டை, பயறு போன்ற புரத உணவு தொண்டையில் நிற்பதுபோல் தோன்றுவதால் அதைத் தவிர்த்து இவற்றுக்கு மாறுபவர்கள் உண்டு.

உடற்கூற்றுக் காரணங்கள் ஒப்பளவில் அரிது. ஸ்லீவ் குழல் விரிந்துபோதல், அறுவையில் இரைப்பையின் மேற்குவடு எஞ்சிவிடுதல், பைபாஸ் இணைப்பு வாய் அகலமாதல், பிரித்த பைக்கும் பழைய இரைப்பைக்கும் இடையே புரை விழுதல் ஆகியவை அவை.

மதிப்பீடு

மருத்துவர் முதலில் எடைப் பாதையை வரைந்து பார்க்கிறார். ஒரு வாரத்து எடையை வைத்து முடிவு எடுப்பதில்லை. அடுத்து மூன்று முதல் ஏழு நாள் உணவுக் குறிப்பு, மருந்துப் பட்டியல், உறக்கம், மனநிலை ஆகியவை கேட்கப்படும். இரத்தத்தில் தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, இரும்பு, வைட்டமின் பி12, வைட்டமின் டி, புரதம் முதலியன பார்க்கப்படும். உடற்கூற்றுக் குறை என்று ஐயம் எழுந்தால் எண்டாஸ்கோப்பியும், பேரியம் விழுங்கி எடுக்கும் எக்ஸ்ரேயும் செய்யப்படும்.

சமாளிக்கும் வழிகள்

எடை நின்றவுடன் உணவைக் குறைப்பது கூடாது. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவான இலக்கு. அது எட்டாவிட்டால் உடல் தசையைக் கரைக்கும்; தசை குறைந்தால் ஓய்வு நேர ஆற்றல் செலவும் குறைந்து தேக்கம் நீளும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமே உண்டு. சைவ உணவினருக்குப் பன்னீர், தயிர், பயறு, சோயா ஆகியவற்றோடு புரதப் பொடியும் பெரும்பாலும் தேவைப்படும். தட்டில் புரதத்தை முதலில் உண்டு, சோறும் இட்லியும் பிறகு என்ற வரிசை பரிந்துரைக்கப்படுகிறது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் இடைவெளி விடுவதும் வழக்கமான அறிவுரை.

சத்து மாத்திரைகளை எடைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. கால்சியம் நாளுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் தேவை. இரும்பு மாத்திரையை அதோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளி விழுங்க வேண்டும். பட்டினியோடு தொடர் வாந்தியும் சேர்ந்தால் தயமின் என்னும் வைட்டமின் பி1 சில வாரங்களில் தீர்ந்துபோய் நடைத் தள்ளாட்டம், பார்வைக் கோளாறு, மனக்குழப்பம் வரலாம். இது அவசர நிலை.

உடற்பயிற்சியில் வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் இரண்டு மூன்று நாள்கள் இடம்பெற வேண்டும். பயிற்சி தனியாகப் பெரிய எடை இறக்கத்தைத் தராவிட்டாலும், தசையைக் காக்கவும் இறங்கிய எடையைத் தக்கவைக்கவும் உதவும்.

எடையை வாரம் ஒருமுறை, காலையில், ஒரே கருவியில் பார்ப்பது போதும். இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, இரத்த அழுத்தம், குறைந்த மாத்திரைகள், படியேறும் திறன் ஆகியவற்றையும் உடன் குறித்துவைத்தால் எடை நின்ற வாரங்களிலும் மாற்றம் கண்ணில் படும். நீரிழிவு உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பைபாஸுக்குப் பின், எடை பெரிதாகக் குறையும் முன்பே சர்க்கரை சீராவது உண்டு.

மனச்சோர்வும், கட்டுப்பாடிழந்து உண்ணும் போக்கும் எடைக்குறைவைப் பாதிக்கின்றன. எடை இறங்காத ஏமாற்றம் அவற்றை மீண்டும் வளர்க்கிறது. “இவ்வளவு செலவு செய்தும் இவ்வளவுதானா” என்ற வீட்டாரின் பேச்சு நோயாளியை மருத்துவரிடமிருந்தே விலக்கிவிடும். பரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுபவர்களுக்குக் குறைபாடுகள் தாமதமாகவே தெரியவருகின்றன. ஆகவே உளவியல் ஆலோசனை சிகிச்சையின் பகுதியாகவே கருதப்படுகிறது. பைபாஸுக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறுவதாலும், இரண்டாம் ஆண்டு முதல் மதுச்சார்பு கூடுவதாக லேப்ஸ் ஆய்வு கண்டதாலும், மதுப் பழக்கம் தனியாக விசாரிக்கப்படும்.

மருந்தும் மறு அறுவையும்

போதாத விளைவு உறுதியானால் எடைக்குறைப்பு மருந்து சேர்க்கப்படலாம். லண்டனில் நடந்து 2023இல் வெளியான பேரி-ஆப்டிமைஸ் ஆய்வு, அறுவை முடிந்து ஓராண்டு கடந்தும் எடை 20 சதவீதத்துக்கு மேல் குறையாதவர்களையே எடுத்துக்கொண்டது. 24 வாரங்களில் லிராகுளுடைடு ஊசி போட்டவர்களின் எடை சராசரியாக 8.8 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 0.5 சதவீதமே. இதே நோக்கில் பயன்படும் டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்குறைப்புக்கான செமக்ளுடைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வாந்தி, குமட்டல் தரக்கூடிய இவற்றை, ஏற்கெனவே குறைவாக உண்பவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும்.

ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது போன்ற மறு அறுவைகளில் சிக்கல்கள் முதல் அறுவையைவிடக் கூடுதல். கிடைக்கும் எடைக்குறைவு பெரும்பாலும் குறைவு. உடற்கூற்றுக் குறை தெளிவாகத் தெரியும்போது பலன் எதிர்பார்க்கலாம். விரிந்த இணைப்பு வாயை எண்டாஸ்கோப்பி வழியே தைத்துச் சுருக்கும் முறையும் உண்டு.

நீண்டகால விளைவு

அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடையே பைபாஸ் செய்தவர்களைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வில், பத்தாண்டுகளுக்குப் பின் தொடக்க எடைக்கு அருகே திரும்பிப் போனவர்கள் 3.4 சதவீதம் மட்டுமே. சுவீடன் ஆய்வின் 2020 முடிவின்படி, அறுவை செய்துகொண்டவர்களின் ஆயுள் செய்துகொள்ளாதவர்களைவிடச் சராசரியாக 3 ஆண்டுகள் நீண்டது. எனினும் பொது மக்களைவிட 5.5 ஆண்டுகள் குறைவாகவே இருந்தது. அறுவை உடற்பருமனை முற்றிலும் நீக்குவதில்லை என்பதையும் வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பு தேவை என்பதையும் இவை காட்டுகின்றன. எடை மெதுவாக இறங்கியவர்களுக்கும் வேகமாக இறங்கியவர்களுக்கும் ஆண்டுதோறும் செய்யும் பரிசோதனை ஒன்றே.