துப்பாக்கிக் குழலின் ஆயுள் எவ்வளவு? அதைத் தேய்ப்பது எது?

புனே: சுடப்பட்ட குண்டு, துப்பாக்கிக் குழலைக் கடந்து வெளியேற ஏறத்தாழ ஒரு மில்லி விநாடியே ஆகிறது. எனவே, 10,000 முறை சுட்டபின் மாற்றப்படும் குழல் தன் வாழ்நாளில் உண்மையில் உழைத்தது பத்து விநாடி அளவே. உயர்திறன் துப்பாக்கிகளுக்கு அந்தப் பத்து விநாடிகூடக் கிடைப்பதில்லை.

உரசிச் செல்லும் குண்டுதான் குழலைத் தேய்க்கிறது என்பது பரவலான எண்ணம். செம்பு உறையிட்ட குண்டு எஃகைவிட மென்மையானது. அதனால் ஏற்படும் தேய்மானம் சிறிதே. பெரும் சேதத்தை விளைவிப்பது எரியும் வெடிமருந்தின் வாயு. அதன் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எஃகு உருகுவதோ 1,500 டிகிரிக்குள். தோட்டா அமரும் அறையை அடுத்து, சுழல் வரிகள் தொடங்கும் ‘தொண்டை’ப் பகுதிதான் முதலில் பாதிக்கப்படுகிறது. நுண்ணோக்கியில் அது, வெயிலில் வறண்டு வெடித்த ஏரித் தரையைப் போலக் காட்சியளிக்கும்.

புனேயின் பாஷாண் பகுதியில் உள்ள, டிஆர்டிஓ-வின் படைக்கல ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம்தான் 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியை வடிவமைத்தது. ஹைதராபாத் தனியார் நிறுவனத்துடன் இணைந்து அது உருவாக்கிய 7.62 மி.மீ. ‘உக்ரம்’ துப்பாக்கி 2024 ஜனவரியில் அறிமுகமானது. 7.62 தோட்டாவின் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு. அப்படியானால் குழலின் ஆயுள் பாதியாகிவிடுமா?

இல்லை. ஆயுளைத் தீர்மானிப்பது குண்டின் பருமன் அன்று; குழலின் துளைப் பரப்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் எவ்வளவு வெடிமருந்து எரிகிறது என்பதே. 5.56-இல் சுமார் 24 சதுர மி.மீ. துளை வழியே 1.7 கிராம், 7.62-இல் சுமார் 46 சதுர மி.மீ. வழியே 3 கிராம். விகிதம் ஏறக்குறைய ஒன்றே. அதே 7.62 துளையில் 4.5 கிராமுக்கும் மேல் எரிக்கும் .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற தொலைதூரத் துப்பாக்கிகள்தான் விலை கொடுக்கின்றன. சாதாரண 7.62 குழல் 5,000 சுற்றுகளுக்கு மேலும் நம்பகமாக இயங்கலாம். மேக்னம் குழலின் துல்லியம் 2,000 சுற்றுகளை ஒட்டியே குறையத் தொடங்கும்.

மறுமுனையில் இருப்பது விளையாட்டு. பாரிஸ் ஒலிம்பிக்கில் (2024) 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, அப்போது புனேயில் ரயில்வே பணியாளராக இருந்தார். அவரது பிரிவில் பயன்படும் .22 தோட்டாவில் வெடிமருந்து மிகச் சொற்பம்; குண்டும் ஈயம். அத்தகைய குழல் பல்லாயிரம் சுற்றுகளுக்குப் பின்னும் பதக்கத் தரத்தில் இருக்கும்.

இந்தச் சிக்கல் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 58 சதவீத நைட்ரோகிளிசரின் கொண்ட கார்டைட் வெடிமருந்து, லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியின் ஆழமற்ற வரிகளை விரைவில் அரித்தது. 1895-இல் ஆழமான வரிகளுடன் லீ-என்ஃபீல்டு வந்தது. பின்னர் நைட்ரோகிளிசரின் அளவும் 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நீலகிரியின் அருவங்காடு தொழிற்சாலை இன்றும் தன் பெயரில் தாங்கி நிற்பது அந்தக் கார்டைட்டையே.

வெடிமருந்தைப் போலவே சுடும் வேகமும் முக்கியம். இடைவெளியின்றிச் சுட்டால் எஃகு ஆறுவதற்கு நேரமில்லை. கான்பூரில் தயாராகும் எம்ஏஜி இயந்திரத் துப்பாக்கியில் குழலைச் சில விநாடிகளில் கழற்றி மாற்ற முடிவது இதனாலேயே. படைத்துறைக் குழல்கள் பலவற்றின் உட்புறம் குரோமியப் பூச்சு பெறுகிறது. ஆயுள் கூடும், ஆனால் பூச்சு சீராக அமையாவிட்டால் துல்லியம் சற்றுக் குறையும். அதனால் போட்டி வீரர்கள் பூச்சற்ற துருப்பிடிக்காத எஃகையே விரும்புகின்றனர்.

தேய்ந்த குழல் பெரும்பாலும் வெடிப்பதில்லை. குறி தவறத் தொடங்கும். இலக்கில் துளைகள் விலகி விழும், குண்டின் வேகம் குறையும், முற்றிய நிலையில் குண்டு பக்கவாட்டில் புரண்டு தாக்கும். களத்தில் நிற்கும் வீரர் இதைத் தம் குறிபார்க்கும் திறனின் பிழையென எண்ணக்கூடும். ஆகவேதான் தொண்டையின் ஆழத்தை அளவிகொண்டு சோதிப்பதும், ஒவ்வொரு துப்பாக்கியும் சுட்ட தோட்டாக்களைப் பதிவேட்டில் குறிப்பதும் அவசியமாகின்றன. வரம்பைத் தாண்டினால் குழல் மட்டும் மாற்றப்படும். மற்ற பாகங்கள் நல்ல நிலையில் இருந்தால் பணியைத் தொடரும்.