காற்றில் எடுத்த சோறு, காற்றில் விட்ட நஞ்சு

1918-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஃபிரிட்ஸ் ஹேபருக்கு என்று 1919 நவம்பரில் ஸ்வீடன் அறிவித்தது. முதல் உலகப் போர் ஓய்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. விஷவாயுவில் நுரையீரல் வெந்துபோன சிப்பாய்கள் ஐரோப்பா முழுக்க மருத்துவமனைகளில் இருமிக்கொண்டு கிடந்தார்கள். அந்த வாயுவைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தவருக்கா பரிசு என்று நேச நாடுகளின் அறிவியலாளர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். பரிசுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டதோ அமோனியா மட்டும்தான். அன்று தொடங்கிய வழக்கு நூறாண்டு தாண்டியும் முடியவில்லை. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தராசை எடுத்து வைக்கிறார்கள். ஒரு தட்டில் அவருடைய கண்டுபிடிப்பால் உயிர் வாழும் கோடிக்கணக்கானோர், மறுதட்டில் அவருடைய வாயுவால் மாண்டவர்கள். எது கனம் என்று பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்த வழக்குக்குத் தராசே பொருந்தாது என்பது என் கட்சி. இரண்டு தட்டிலும் இருப்பவை ஒரே வகைச் சரக்கு அல்ல. ஒன்றில் அவருடைய பங்கு பலரில் ஒருவருடைய பங்கு. மற்றொன்று அவரே தேடிப் போய்ச் செய்தது.

முதலில் அமோனியா. பயிருக்கு நைட்ரஜன் வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான் என்றாலும், நெல்லோ கோதுமையோ அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பா தன் வயல்களுக்குத் தென் அமெரிக்காவின் சிலி வெடியுப்பைக் கப்பல் கப்பலாக இறக்கியது. அந்த இருப்பு தீர்ந்தால் கோதுமை உண்ணும் நாடுகள் பட்டினியில் விழும் என்று 1898-ல் பிரிஸ்டல் நகரில் பிரிட்டிஷ் வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் வழியை வேதியியலாளர்கள்தான் காண வேண்டும் என்றும் சொன்னார். ஹேபர் அதைக் கண்டது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியில். 1909 ஜூலையில் பி.ஏ.எஸ்.எஃப். என்ற வேதிப்பொருள் நிறுவனத்தார் செய்முறையைப் பார்க்க வந்த நாளில் அழுத்தம் தாங்காமல் கருவியின் ஓர் இணைப்பு விட்டுப்போனது. அதைச் சரிசெய்யப் பல மணி நேரம் பிடித்தது. கார்ல் போஷ் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார். இருந்து பார்த்தவர் ஆல்வின் மிட்டாஷ். மேசைமேல் அடங்கிவிடும் உருக்குக் குழாயில், ஆஸ்மியம் வினையூக்கியின் மேல், வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கூடி, மறுமுனையில் திரவ அமோனியா சொட்டத் தொடங்கியது. அந்தக் கருவியின் நுட்பமான வால்வுகளை உருவாக்கியவர் ஹேபரின் பிரிட்டிஷ் உதவியாளர் ராபர்ட் லே ரொசிக்னோல். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் வருவதில்லை.

அந்தச் சொட்டுகளைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனவர்களும் வேறு ஆட்கள். ஆஸ்மியம் கிடைப்பதற்கு அரிய உலோகம். மிட்டாஷ் குழுவினர் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, கடைசியில் ஸ்வீடன் நாட்டு இரும்புத்தாது ஒன்றிலிருந்து மலிவான வினையூக்கியைத் தேர்ந்தார்கள். கடும் வெப்பத்தில் ஹைட்ரஜன் உருக்கிலுள்ள கரியை உறிஞ்சிக்கொள்ள, உலைகள் நொறுங்கி வெடித்தன. உள்ளே மெல்லிரும்பு உறை, வெளியே சிறு துளைகளிட்ட உருக்கு என்று அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் போஷ். 1913-ல் பி.ஏ.எஸ்.எஃப்.-இன் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று மனித உடலிலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி இந்த முறையின் வழியே வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1960-களில் தஞ்சாவூர் வயல்களில் ஏ.டி.டி. 27 நெல்லோடு இறங்கிய யூரியாவும், பிறகு மணலியிலும் தூத்துக்குடியிலும் எழுந்த உர ஆலைகளும் இதே வேதியியலில் நிற்பவைதான். இந்தச் சாதனையைச் சிறிதாக்க எனக்கு விருப்பமில்லை. மனிதகுலம் செய்த பெரிய காரியங்களுள் இது ஒன்று. ஆனால் இதை மொத்தமாக ஒருவர் கணக்கில் வரவு வைத்து, அந்த வரவைக் கொண்டு அவருடைய வேறு கடனைக் கழிக்க முடியாது. தவிர, அந்தத் தட்டும் தூய்மையானது அல்ல. போர் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படை சிலி வெடியுப்பை மறித்தது. 1915 முதல் ஒப்பாவ் அமோனியா நைட்ரிக் அமிலமாகி வெடிமருந்துக்குப் போயிற்று. அது இல்லாதிருந்தால் ஜெர்மனியின் பீரங்கிகள் வெகு முன்பே ஓய்ந்திருக்கும் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் பலர். உணவு கொடுத்த அதே குழாய்தான் போரையும் நீட்டித்தது. அதற்காக 1909-ன் ஹேபரைக் கூண்டில் ஏற்றவும் நான் தயாரில்லை. கண்டுபிடிப்பு கைமாறிப் போன பிறகு நேர்ந்த நன்மைக்கும் தீமைக்கும் கண்டவர் ஒரு தொலைவில்தான் நிற்கிறார்.

விஷவாயுவில் அந்தத் தொலைவு இல்லை. 1914-ல் ஹேபர் பெர்லின் தாலெம் பகுதியில் கைசர் வில்ஹெல்ம் இயற்பிய வேதியியல் நிறுவனத்தின் இயக்குநர். வயது 45 தாண்டியவர். யாரும் அவரைப் படைக்கு இழுக்கவில்லை. தாமாக முன்வந்தார். பதுங்குகுழிகளில் போர் உறைந்துபோய்க் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சாயத் தொழிற்சாலைகளில் தாராளமாகக் கிடைத்த குளோரினைச் சிலிண்டர்களில் அடைத்துக் காற்றோடு எதிரிமேல் விடலாம் என்று யோசனை சொன்னார். அதற்கென்று தனிப் படைப்பிரிவை உருவாக்க உதவினார். ஓட்டோ ஹான், ஜேம்ஸ் ஃபிராங்க், குஸ்தாவ் ஹெர்ட்ஸ் போன்ற இளம் அறிவியலாளர்களை அதில் சேர்த்தார். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே 5,730 சிலிண்டர்களை மண்ணில் புதைத்துவிட்டு, சாதகமான காற்றுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஹேபரும் போர்முனையில் இருந்தார். 1915 ஏப்ரல் 22 மாலை 5 மணியளவில் வால்வுகள் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 150 டன் குளோரின் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், ஆளுயரச் சுவராக, ஆறு கிலோமீட்டர் அகலத்துக்கு நகர்ந்தது. காற்றைவிடக் கனமான வாயு அது. தாழ்ந்து பதுங்கியவர்களைத் தேடிக் குழிக்குள் இறங்கும். நுரையீரலின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். நீர் கோத்து, தரைமேல் கிடப்பவன் மூழ்கிச் சாகிறான். அன்று எதிரே இருந்தவர்கள் பிரெஞ்சுப் படையின் அல்ஜீரியர்களும் வயதான காவல்படையினரும்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 26-ல், அதே களத்தில் இந்தியாவின் லாகூர் டிவிஷன் இறக்கப்பட்டது. அவர்களிடம் முகமூடி கிடையாது. நனைத்த துணியை மூக்கிலும் வாயிலும் அழுத்திக்கொண்டு நின்றார்கள். பட்டாணியரான ஜமேதார் மீர் தஸ்த், அதிகாரிகள் விழுந்துவிட்ட நிலையில், வாயுவில் சிதறியவர்களைத் திரட்டி இருட்டும்வரை நிலையைக் காத்தார். பிறகு குண்டு மழையில் எட்டு அதிகாரிகளைச் சுமந்து மீட்க உதவினார். அதற்காக விக்டோரியா கிராஸ் பெற்றார். குடித்த நஞ்சின் வாதையும் அவரோடு வந்தது. ஹேபரின் சோதனைக்கூடத்திலோ இதெல்லாம் ஒரு சூத்திரமாகச் சுருங்கியது: வாயுவின் செறிவையும், அதைச் சுவாசிக்கும் நேரத்தையும் பெருக்கினால் வரும் எண், சாவை உண்டாக்கும் அளவில் மாறாமல் நிற்கிறது. செறிவு குறைந்தால் நேரத்தைக் கூட்டினால் போதும். நச்சியல் புத்தகங்களில் இன்றும் இது ஹேபர் விதி. விலங்குகளைக் கொண்டு சோதித்து, வாயுக்களை இந்த எண்ணால் தரம் பிரித்தார்கள். எந்த வாயு சிக்கனமாகக் கொல்லும் என்பதே கேள்வி. 1917-ல் களமிறங்கிய கடுகு வாயுவைப் போருக்கு ஏற்றதாக்கியதிலும் அவருடைய நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. மனம் ஒப்பாமல் கட்டளைக்குப் பணிந்த ஒருவரின் வேலையாக இது தெரியவில்லை.

அவர் சார்பில் சொல்லப்படும் வாதங்கள் லேசானவை அல்ல. அவர் செய்யாவிட்டால் வேறொருவர் செய்திருப்பார், பிரெஞ்சுக்காரர்கள் முன்பே எரிச்சலூட்டும் வாயுவைப் பயன்படுத்தினார்கள் என்பது முதல் வாதம். ஹேக் உடன்படிக்கையைக் குறிப்பிட்டு ஹான் கேட்டபோது ஹேபரே சொன்ன பதில் இது. கண்ணை எரிக்கும் புகைக்கும் மூச்சை நிறுத்தும் குளோரினுக்கும் உள்ள வேறுபாடு அவரைவிட யாருக்குத் தெரியும்? 1899-ன் ஹேக் பிரகடனம், மூச்சுத்திணற வைக்கும் வாயுவைப் பரப்பும் எறிகுண்டுகளைத் தடை செய்தது. சிலிண்டர் எறிகுண்டு அல்லவே என்று சட்டத்தின் சொல்லுக்குள் நுழைந்து சட்டத்தின் நோக்கத்தை மீறினார்கள். சிலிண்டருக்கு மாறியதில் குண்டுத் தட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் 1907-ன் உடன்படிக்கை நஞ்சையும் நச்சு ஆயுதங்களையும் வெளிப்படையாகவே விலக்கியிருந்தது. வேறொருவர் செய்திருப்பார் என்பதும் எல்லாக் குற்றத்துக்கும் சொல்லக்கூடிய சமாதானம். அதை ஏற்றால் உலகில் எவரும் எதற்கும் பொறுப்பாளி ஆகமாட்டார்கள்.

இரண்டாம் வாதம் இன்னும் வலுவானது. பீரங்கிக் குண்டு உடலைக் கிழிப்பதைவிட வாயு எந்த வகையில் கொடியது? அந்தப் போரில் விஷவாயுவால் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மொத்தப் போர்ச்சாவில் அது சிறு பங்கு. வாயுதான் மனிதத்தன்மை மிக்க ஆயுதம் என்று 1925-ல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் நூலே எழுதினார். போரை விரைவில் முடித்து உயிர்களைக் காப்பதே தம் நோக்கம் என்று ஹேபரும் சொல்லிவந்தார். நோக்கத்தை உண்மையென்றே கொள்வோம். நடந்தது என்ன? ஈப்பரில் திறந்த இடைவெளியில் நுழைய ஜெர்மானியரிடம் போதிய படையே இல்லை. ஐரோப்பாவின் அந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், நாம் ஒருமுறை விட்டால் எதிரி நம்மீது பத்துமுறை விடுவான் என்று பவேரிய இளவரசர் ரூப்ரெக்ட் முன்கூட்டியே ஆட்சேபித்தார். ஐந்தே மாதத்தில் லூஸ் போரில் பிரிட்டன் குளோரினைத் திறந்தது. ஈப்பருக்குப் பிறகு போர் மேலும் மூன்றரை ஆண்டு நடந்தது. எலிகளைப்போல எதிரியை நஞ்சிட்டுக் கொல்வது தம் மனதுக்கு ஒவ்வவில்லை என்று, வாயு விடப்படவிருந்த படைப்பகுதியின் தளபதி டெய்ம்லிங்கே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து மனிதர்களுக்கு அது தவறாகத் தோன்றவில்லை, இன்றைய அளவுகோலால் அவரை அளக்கிறோம் என்ற பேச்சுக்கு அவருடைய காலத்து ராணுவ அதிகாரிகளே பதில்.

மூன்றாவதாக, தேசபக்தி. பிரெஸ்லாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 24 வயதுக்குள் கிறிஸ்தவராக மாறி, ஜெர்மானியராக ஏற்கப்படுவதற்கு வாழ்நாள் முழுதும் உழைத்தவர் ஹேபர். அந்த ஏக்கம் அவரை ஓட்டியது என்பது நிஜம். அதைப் புரிந்துகொள்ளலாம், விடுதலைப் பத்திரமாகக் கொள்ள முடியாது. ஏனென்றால் அதே நேரத்தில் அதே கட்டடத்தில் இன்னொருவர் இருந்தார். 1914-ல் பெர்லின் வந்த ஐன்ஸ்டீனுக்கு அலுவலறை கொடுத்ததே ஹேபரின் நிறுவனம்தான். அந்த அக்டோபரில் ஜெர்மன் அறிஞர்கள் 93 பேர் போரை நியாயப்படுத்தி அறிக்கை விட்டார்கள், ஹேபர் கையெழுத்திட்டார். ஐன்ஸ்டீன் அதற்கு எதிரான முறையீட்டில் கையெழுத்திட்டார். இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் வாயு வேலையில் சேர மறுத்தார். வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் வாயுப் போரைப் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். ஜெர்மனிக்கு அவர் கேடு செய்வதாக ஹேபர் சாடினார். ஹேபரின் மனைவி கிளாரா இம்மர்வாரும் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஈப்பர் நடந்து பத்து நாளில், மே 2 அதிகாலை, கணவரின் துப்பாக்கியால் தம்மைச் சுட்டுக்கொண்டார். அவருடைய சாவை வாயுவுக்கு எதிரான சாட்சியமாக்கிப் பலர் எழுதுகிறார்கள். அந்த மணவாழ்வில் பல்லாண்டுக் கசப்பு இருந்ததை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. ஹேபரைக் குறைகூற அந்தச் சாவை ஆதாரமாக எடுக்க வேண்டிய தேவையே இல்லை. மறுத்தவர்கள் இருந்தார்கள் என்பது போதும்.

இதே அளவுகோல் ஹேபரைக் காக்கவும் செய்கிறது. சைக்ளான்-பி என்ற பெயரைச் சொல்லி ஆஷ்விட்ஸையும் அவர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. கிடங்குகளிலும் மாவு ஆலைகளிலும் பூச்சி கொல்ல ஹைட்ரஜன் சயனைடைப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் அவரைச் சூழ்ந்த வட்டத்தில் வளர்ந்தது. 1919-ல் உருவான டெகெஷ் என்ற பூச்சிக்கொல்லி நிறுவனத்தின் தொடக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் சைக்ளான்-பி மனிதரை எச்சரிக்கும் நெடி சேர்த்து விற்கப்பட்ட பூச்சிமருந்து. நெடியை நீக்கி வாங்கி, மனிதரைப் பூட்டிய அறைக்குள் கொட்டியவர்கள் நாஜிகள். ஹேபர் இறந்தது 1934 ஜனவரியில். மாண்டவர்களில் அவருடைய உறவினர்களும் உண்டு. அந்தப் பழி கொன்றவர்களுடையது.

மறுக்கத் தெரியாத மனிதரும் அல்ல அவர். 1933 ஏப்ரலில் ஹிட்லர் அரசு யூத ஊழியர்களை நீக்கச் சொன்னது. போர்ச் சேவை காரணமாக ஹேபருக்கு விலக்கு இருந்தது. ஏப்ரல் 30-ல் அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அறிவும் குணமும் பார்த்தே நாற்பதாண்டுகளாகச் சக ஊழியர்களைத் தேர்ந்தேன், அவர்களுடைய பாட்டிமார் யாரென்று பார்த்ததில்லை என்று அதில் எழுதினார். முதுகெலும்புள்ள கடிதம் அது. அரசு சொன்னாலும் ஒரு விஞ்ஞானி ‘முடியாது’ என்று சொல்லலாம் என்பதற்கு அவரே சான்று விட்டுப் போயிருக்கிறார்.

செய்பொருளை விட்டுச் செய்பவரின் நோக்கத்தைப் பிடிக்கும் இந்த முறையைச் சர்வதேசச் சட்டமும் பின்னாளில் கைக்கொண்டது. 1993-ல் கையெழுத்தாகி 1997-ல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் பட்டியல்களில் குளோரின் கிடையாது. குடிநீரைச் சுத்தம் செய்யும் பொருளைத் தடை செய்ய முடியாதே. ஆனால் எந்த நச்சுப்பொருளையும் ஆயுதமாக்கினால் அது குற்றம் என்கிறது ஒப்பந்தம். 2018 ஏப்ரல் 7-ல் சிரியாவின் டூமா நகரில் ஹெலிகாப்டரிலிருந்து இரண்டு குளோரின் சிலிண்டர்கள் விழுந்து 43 பேர் இறந்தார்கள். அவற்றைப் போட்டது சிரிய விமானப்படை என்று நம்பப் போதிய காரணங்கள் உண்டென ஒப்பந்தத்தின் விசாரணைக் குழு 2023 ஜனவரியில் அறிக்கை தந்தது.